வெள்ளரிக்காய் மேல் விழுந்த பழி

2011 மே மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவமனைகளில், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு ஆட்கள் வந்து குவிந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. வழக்கமாகக் குழந்தைகளையே அதிகம் தாக்கும் இந்தச் சிக்கல், அம்முறை திடகாத்திரமாக இருந்த பெரியவர்களை, அதிலும் பெண்களை வீழ்த்தியது.

ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயில் ஈ.கோலி கிருமி இருந்தது. அதுவே காரணம் என்று மே 26 அன்று நகர அதிகாரிகள் அறிவித்தார்கள். ஸ்பெயின் விவசாயிகள் விளைச்சலை விற்க வழியில்லாமல் கொட்டி அழித்தார்கள். ஐந்தே நாளில் உண்மை வெளிவந்தது. வெள்ளரியில் இருந்ததும் நச்சு சுரக்கும் ஈ.கோலிதான், ஆனால் நோயாளிகளைக் கொன்ற ‘ஓ104:எச்4’ திரிபு அதில் இல்லை.

‘ஈ.கோலி இருக்கிறது’ என்ற சோதனை முடிவு எவ்வளவு குறைவாகச் சொல்கிறது! நம் குடலிலேயே தீங்கில்லாத ஈ.கோலி கோடிக்கணக்கில் வாழ்கிறது. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சாதுவான ‘கே-12’ திரிபையும், ஹாம்பர்கர் இறைச்சி வழியாக 1982இல் அமெரிக்காவில் பரவிய ‘ஓ157:எச்7’ திரிபையும் 2001இல் ஒப்பிட்டபோது, முன்னதில் இல்லாத 1,387 மரபணுக்கள் பின்னதில் இருந்தன. ஒரே இனத்துக்குள் இத்தனை பேதம்.

ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனை அனுப்பிய மாதிரியின் மரபணுத் தொகுப்பைச் சீனாவின் பி.ஜி.ஐ நிறுவனம் சில நாட்களில் படித்து, ஜூன் தொடக்கத்தில் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. பல நாட்டு விஞ்ஞானிகள் உடனே அதை அலசினார்கள். அந்தத் தாராளத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். குடல் சுவரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு பேதியை உண்டாக்கும் ஒரு வகை ஈ.கோலிதான் ஓ104:எச்4 திரிபின் அடிப்படை. பாக்டீரியாவுக்குள் புகும் வைரஸ் ஒன்று, ஷிகா நச்சுக்கான மரபணுவை அதில் சேர்த்துவிட்டிருந்தது. விடாமல் ஒட்டும் திறனும் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சிதைக்கும் நச்சும் ஒரே உடலில் கூடிவிட்டன. போதாக்குறைக்கு, பல ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் அதனிடம் இருந்தன.

கிருமி எந்த உணவில் வந்தது என்று அறிய, நோயாளிகள் சாப்பிட்ட உணவகங்களின் சமையல் குறிப்புகளைக்கூட அதிகாரிகள் துருவினார்கள். தடம் லோயர் சாக்சனியில் முளைகட்டிய பயறு, விதைகள் விற்ற ஒரு பண்ணையில் போய் நின்றது. விதை முளைக்கத் தேவையான அதே ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் உகந்தவை. முளையைப் பச்சையாகவே தின்கிறார்கள். நம் வீடுகளிலும் வெந்தயம் முளைகட்டுகிறோம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஜூனில் பிரான்சின் போர்தோ அருகே நோய் கண்டவர்களிடமும் அதே திரிபு இருந்தது. இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக இருந்தது எகிப்திலிருந்து வந்த வெந்தயம். ஐரோப்பிய ஒன்றியம் ஜூலையில் எகிப்திய விதைகளின் இறக்குமதியை நிறுத்தியது. அந்த நோய்ப்பரவலில் மொத்தம் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்கறி விவசாயிகளுக்கு ஒன்றியம் 20 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று.