மண்வெட்டிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? – கமத்தொழில் கருவிகளும் ஆங்கிலச் சொற்களும்

மாணவர்களே! க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் படமொன்றைத் தந்து அதைப் பற்றி வாக்கியங்கள் எழுதும்படி கேட்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அப்படம் ஒரு வயலாகவோ தோட்டமாகவோ அமைந்துவிட்டால், சிறு வயதிலிருந்தே மண்வெட்டி பிடித்துப் பழகிய கமக்காரரின் பிள்ளைகூடப் பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்க நேரிடுகிறது. கருவி தெரியும், அதனாற் செய்யும் வேலையும் தெரியும், பெயர் மட்டும் வராது. இவ்வாறு புள்ளிகளை இழப்பது வீணான இழப்பாகும்.

முதலில் மண்வெட்டியை எடுத்துக்கொள்வோம். பலர் இதனை "ஸ்பேட்" என எழுதிவிடுகின்றனர். ஸ்பேட்டின் அலகு பிடிக்கு நேராக இருக்கும். அதனைக் காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்குவர். நமது மண்வெட்டியின் அலகோ பிடிக்குக் குறுக்காக அமைந்தது. ஓங்கி வெட்டி, மண்ணை நம் பக்கம் இழுக்கிறோம். இவ்வகைக் கருவியின் பெயர் "ஹோ" (எழுத்து: எச், ஓ, ஈ). இலங்கை ஆங்கிலத்தில் "மமொட்டி" என்ற சொல்லையும் காண்பீர்கள். அது வேறொன்றுமல்ல, நமது மண்வெட்டியேதான்! 1886இல் வெளிவந்த ஹொப்சன்-ஜொப்சன் என்னும் சொற்களஞ்சியமே இச்சொல் தமிழிலிருந்து சென்றது எனக் குறிப்பிடுகிறது. மமொட்டி என எழுதுவது தவறன்று. ஆனால் ஹோ என்பது எங்கும் விளங்கும். வெட்டிய மண்ணையோ மணலையோ அள்ளும் அகன்ற கருவி "ஷவல்" ஆகும்.

அரிவாளிலும் இதே சிக்கல் உண்டு. அகராதியில் "சிக்கிள்", "சைத்" ஆகிய இரண்டுக்கும் அரிவாள் என்றே பொருள் தரப்பட்டிருக்கலாம். ஒரு கையால் பிடித்து நெல் அரியும் வளைந்த கருவி சிக்கிள். சைத் என்பது நீண்ட பிடியுடையது. நின்றபடி இரு கைகளாலும் வீசிப் புல் வெட்டுவதற்குரியது. நம் வயற்படத்திற்குச் சிக்கிளே பொருந்தும். அலவாங்கு என்பது போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்த சொல். ஆங்கிலத்தில் அது "க்ரோபார்". பூவாளி "வோட்டரிங் கேன்", ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி "வீல்பரோ". லான்ட்மாஸ்டர் என நாம் அழைப்பது ஒரு தயாரிப்பின் பெயர் மட்டுமே. விடைத்தாளில் "டூ வீல் ட்ரக்டர்" என எழுதுக.

இனி உச்சரிப்பையும் எழுத்துகளையும் நோக்குவோம். கலப்பை "ப்ளவ்" என ஒலிக்கும். பசுவைக் குறிக்கும் "கவ்" என்பதோடு ஒத்த ஓசை. ஆனால் எழுதும்போது பீ, எல், ஓ, யூ, ஜீ, எச் என ஆறு எழுத்துகள் வேண்டும். நுகத்தைக் குறிக்கும் "யோக்" என்பதை வை, ஓ, கே, ஈ என எழுத வேண்டும். வை, ஓ, எல், கே என எழுதினால் ஒலி மாறாது, ஆனால் எருதுகளின் கழுத்தில் முட்டை மஞ்சட்கரு ஏறிவிடும்! முதுகிற் சுமந்து மருந்து தெளிக்கும் "நாப்சாக் ஸ்ப்ரேயர்" கே எழுத்தில் தொடங்குகிறது. அந்தக் கே ஒலிப்பதில்லை.

பெயர் சரியாக இருந்தும் வாக்கியம் பிழைத்துப்போகும் இடங்கள் இரண்டு. "மண்வெட்டியால்" என்பதிலுள்ள "ஆல்" உருபைக் கண்டதும் "பை" என எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. ஒருவர் கருவியைக் கையாண்டு வேலை செய்யும்போது "வித்" வரவேண்டும்: "ஹீ இஸ் டிகிங் வித் எ ஹோ." மற்றையது, "டூல்" என்ற சொல்லுக்குப் பன்மையில் எஸ் சேர்க்கலாம், "இக்குயிப்மன்ட்", "மெஷினரி" ஆகியவற்றுக்குச் சேர்க்கவே கூடாது. தமிழில் உபகரணங்கள், இயந்திரங்கள் என்று பன்மையில் நினைப்பதனாலேயே இப்பிழை நேர்கிறது. ஒன்றைத் தனியே சுட்ட வேண்டுமாயின் "எ பீஸ் ஒஃப் இக்குயிப்மன்ட்" என்க.

பயிற்சி: பின்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதுக.
அவர்கள் அரிவாள்களால் நெல் அறுவடை செய்கின்றனர்.
அப்பா அலவாங்கினால் கிடங்கு தோண்டுகிறார்.
இந்தக் கமத்தில் புதிய உபகரணங்கள் உள்ளன.