தூக்கணாங்குருவியின் திருமணப் படங்கள்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

ஆடி மாதத்தில் நம் வீடுகளில் திருமணம் நடப்பதில்லை. பந்தல்காரருக்கும் மேளக்காரருக்கும் புகைப்படக்காரருக்கும் அது ஓய்வு மாதம். ஆனால் எங்கள் ஊர்க் கிணற்றுமேட்டில் அந்த மாதத்தில்தான் திருமண ஆரவாரம் மிகுதி! மாப்பிள்ளைகள் மஞ்சள் தலைப்பாகை கட்டிக்கொண்டு, தம் கையால் கட்டிய வீட்டின் வாசலில் தொங்கியபடி, பெண்களைக் கூவி அழைக்கிறார்கள். நான் சொல்வது தூக்கணாங்குருவிகளை!

என் மாமன் மகன் பக்கத்து ஊரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறார். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, தயங்கித் தயங்கி அவரிடம் காமிரா கேட்டேன். "ஆடியில முகூர்த்தம் ஏது? எடுத்துக்கிட்டுப் போ, மாப்ளே. ஆவணி பொறந்தா மட்டும் திருப்பிக் கொடுத்துடு" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விலங்கியல் படிக்கிறேன் என்றால் என்ன படிக்கிறேன் என்று வீட்டாருக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. நல்ல படங்கள் நான்கு இருந்தால் அவையே சொல்லிவிடும் என்று நினைத்தேன். அந்த ஆசையோடு கிணற்றுமேட்டுக்குப் போன நான் இரண்டு ஆடி மாதங்களில் கற்றுக்கொண்டதைத்தான் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

வீடு கட்டும் மாப்பிள்ளை

மற்றக் காலங்களில் ஆண் தூக்கணாங்குருவியைப் பெண்ணிலிருந்து பிரித்தறிவது கடினம். இரண்டும் சிட்டுக்குருவியைப் போலவே மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஆணின் உச்சந்தலையும் மார்பும் பளிச்சென்ற மஞ்சளாகிவிடும். கன்னமும் தொண்டையும் கரும்பழுப்பாகும். பெண்ணிடம் இந்த மாற்றம் இல்லை.

கூடு கட்டும் வேலை பெரும்பாலும் ஆணுடையதே. நெல், கரும்பு, புல் ஆகியவற்றின் தாளில் அலகால் ஓரத்தைக் கடித்து ஒரு வெட்டு வைக்கும். அந்த நுனியைப் பற்றிக்கொண்டு பறக்கும்போது, தாள் நீளவாக்கில் நாராகக் கிழிந்து வரும். ஒவ்வொரு நாரும் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளம் இருக்கும். ஒரு கூட்டை முடிக்க அது 500 தடவை வரை பறந்து போய் வரக்கூடும் என்று கணக்கிட்டுள்ளனர்.

முதலில் ஓலை நுனியில் நாரைச் சுற்றி முடிச்சிடும். பிறகு ஒரு வளையம். வளையத்தின் மேல் கூரை வேயும்போது, கூடு கவிழ்த்த தொப்பி போலத் தோன்றும். அடியில் குறுக்கே ஒரு நார்ப்பாலம் இருக்கும். இந்தத் தொப்பி நிலைக்கு வர ஏறத்தாழ எட்டு நாள் ஆகிறது. முழுக் கூட்டுக்குச் சுமார் பதினெட்டு நாள்.

இந்த இடத்தில்தான் வியப்பு இருக்கிறது. தொப்பி நிலை வந்ததும் ஆண் மேற்கொண்டு கட்டுவதை நிறுத்திவிட்டுப் பெண்ணுக்குக் காத்திருக்கும். பெண்கள் கூட்டமாக வந்து இறங்கினால், எல்லா ஆண்களும் தத்தம் கூட்டில் தொற்றித் தொங்கி, இறகை வேகமாக அடித்துக் கத்தத் தொடங்கும். ஒரு பெண் ஒரு கூட்டுக்குள் நுழைந்து, நார்ப்பாலத்தில் அமர்ந்து, நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால் தங்கும், இல்லையேல் அடுத்த வீடு! பெண் ஏற்றுக்கொண்டால் இரண்டும் கூட்டின்மீதோ அருகிலோ சில நொடிகளில் இணைசேரும். அதன் பிறகே ஆண் முட்டையறையையும் நீண்ட வாயிற்குழலையும் கட்டி முடிக்கும். முடித்த கையோடு இன்னொரு கூடு, இன்னொரு பெண் என்று புறப்பட்டுவிடும். அடைகாப்பது பெண்ணின் பொறுப்பு.

தூக்கணாங்குருவி களிமண்ணில் மின்மினியை ஒட்டி வீட்டுக்கு விளக்கு வைக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வர். களிமண் உருண்டைகள் கூட்டின் உட்சுவரில் இருப்பது உண்மை. நான் எடுத்துப் பார்த்த, காற்றில் விழுந்த பழங்கூடுகளில் மண் இருந்தது. மின்மினியின் சுவடு இல்லை.

கயிறு கட்டிய பிழை

எங்கள் கிணற்றுமேட்டில் ஈச்சமரம் ஒன்று கிணற்றின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. கூடுகள் யாவும் தண்ணீருக்கு நேர் மேலே தொங்கும் ஓலைகளிலேயே இருந்தன. கரையில் நின்று பார்த்தால் ஓலைகள் மறைத்தன. வெளிச்சமும் எதிர்ப்புறத்திலிருந்து வந்தது. முதலாண்டில் எனக்குப் பொறுமை இல்லை. துறட்டியால் ஓர் ஓலையை இழுத்து, மாட்டுக் கயிற்றால் மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிவிட்டேன். தொப்பி நிலையில் இருந்த ஒரு கூடு கரைக்கு மேல், எனக்கு இருபதடி தூரத்தில், காலை வெயிலில் தொங்கியது. என்ன வசதி!

ஒரு மணி நேரத்தில் ஆண் திரும்பி வந்தது. நான் நிற்பதைப் பொருட்படுத்தாமல் இறகடித்தது. அன்று நூற்றுக்கு மேல் படம் எடுத்தேன். 'பறவைக்கு என் மேல் பயம் இல்லை' என்று மகிழ்ந்து, கயிற்றை அவிழ்க்காமலே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு போனபோது, தண்ணீருக்கு மேல் இருந்த அண்டைக் கூடுகள் சிலவற்றில் முட்டையறை வளர்ந்திருந்தது. கயிறு கட்டிய கூடு மட்டும் தொப்பியாகவே காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. அதன் சொந்தக்காரரையும் காணோம். மடை திருப்ப வந்த என் தந்தையார் கயிற்றைப் பார்த்துவிட்டு நின்றார்.

"ஏன்டா, இத யாரு கட்டுனது?"

"நான்தாம்பா. படம் எடுக்க."

"கெணத்துக்கு மேல கட்டுனா பூனை ஏறாது, பாம்பு எறங்காதுன்னுதானே அது அங்க போயி கட்டுது? நீ கரைக்கு இழுத்துட்டா எந்தப் பொண்ணுடா அந்த வூட்டுக்கு வரும்?"

அவரே கயிற்றை அவிழ்த்தார். ஓலை மெல்ல எழும்பிப் பழைய இடத்துக்குப் போயிற்று. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் அவர். பள்ளியில் நான் படித்த கதையில், மழையில் நனைந்த குரங்கு, அறிவுரை சொன்ன தூக்கணாங்குருவியின் கூட்டைப் பிய்த்தெறியும். அந்தக் குரங்குக்காவது கோபம் என்று ஒரு காரணம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

துறையில் எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, கேள்வி கேட்டார். "பெண் ஏற்காத கூடுகள் எந்தக் குடியிருப்பிலும் இருக்கும். கயிறு கட்டாத கூடுகளில் எத்தனை ஏற்கப்பட்டன என்று எண்ணினாயா? ஒரே கூட்டை வைத்து முடிவு கட்டலாமா?" நான் எண்ணவில்லை. ஆகவே கயிறுதான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் பெண் தூக்கணாங்குருவி கூட்டின் நெசவைவிட அது அமைந்த இடத்தையே அதிகமாகப் பார்க்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் படித்தேன். என் தந்தையார் மடையடியில் சொன்னதும் அதுவே.

முன்னோடிகள் காட்டிய வழி

அதன் பிறகு, இத்துறையில் பெயர் பெற்றவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று நூலகத்தில் தேடினேன். இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892-இல் முட்டைகளுடன் கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படம் எடுத்தனர். பறவைகளை அஞ்சவைக்காமல் நெருங்குவதற்காக, உள்ளே ஆள் ஒளிந்துகொள்ளும்படி ஒரு பொய்க்காளையையே அவர்கள் செய்தார்கள்! எரிக் ஹாஸ்கிங் என்ற இன்னொரு பறவைப் புகைப்படக்காரர் 1937-இல் ஆந்தைக் கூட்டை நெருங்கியபோது, தாய் ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்தார். கூடு என்பது பறவைக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் நாட்டுப் பறவையியல் மேதை சலீம் அலி தூக்கணாங்குருவியையே ஆராய்ந்தவர். 1930-இல் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடற்கரை ஊரில், ஏணியின் மேல் துணி மறைவு அமைத்து, அதற்குள் அமர்ந்து நாள்கணக்கில் கூடுகளைக் கவனித்தார். பெண் பறவை வீட்டைப் பார்த்துத் தேர்வதும், ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம் அமைப்பதும் அவருக்கு அப்படித்தான் தெளிவாயின. அவர் கூட்டைத் தம் பக்கம் இழுக்கவில்லை. தாம் கூட்டின் பக்கம் ஏறிப் போய்க் காத்திருந்தார்.

தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) கானுயிர்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களாகவே எடுத்தவர். உதிரி பாகங்களைச் சேர்த்துத் தாமே காமிரா அமைத்துக்கொண்டவர். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் நம் போன்றவர்க்கு அவர் வாழ்வு ஆறுதல்.

இரண்டாம் ஆடி

இந்த முறை காமிராவை வாங்குமுன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். மரத்தை வரைந்து கூடுகளுக்கு எண் கொடுத்து, எந்தக் கூடு எந்த நிலையில் உள்ளது என்று மாலைதோறும் குறித்தேன். இதனால் எந்தக் கூடு என்றைக்குத் தொப்பி நிலைக்கு வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தது. இனச்சேர்க்கைப் படம் எடுப்பவனுக்கு முதல் தேவை இந்த முன்னறிவு. கண்ணால் கண்ட பிறகு பொத்தானை அழுத்தினால் காரியம் முடிந்திருக்கும்.

இரண்டாவது தேவை மறைவு. தென்னங்கீற்றுத் தட்டிகள் மூன்றைக் கட்டி, முதல் நாள் மரத்திலிருந்து வெகுதூரத்தில் நிறுத்தினேன். ஆள் இல்லாத வெறும் தட்டி. நாளுக்குச் சில அடியாக அதை நகர்த்தினேன். ஒவ்வொரு முறையும் பறவைகள் வேலையைத் தொடர்கின்றனவா என்று பார்த்தபின்தான் அடுத்த நகர்வு. நெசவு நின்றால் தட்டி பின்னுக்குப் போகும். நான் உள்ளே அமர்ந்தது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். விடியுமுன் நுழைந்து, பறவைகள் மேயச் சென்ற நேரத்தில் வெளியேறினேன்.

மூன்றாவது, ஒளி. சூரியன் நம் முதுகுப்புறம் இருக்கும் இடத்தையே மறைவுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். இறகடிப்பை உறையவைக்க ஷட்டர் வேகம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ வேண்டும். காலை வெளிச்சம் அதற்குப் போதாதபோது ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தினேன், படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தது, விழட்டும் என்று விட்டேன். பிளாஷ் விளக்கைத் தொடவே இல்லை. ஓலையை வெட்டவில்லை, இழுக்கவில்லை. பெண் குரலை மொபைலில் ஒலிக்கச் செய்து ஆணை ஏமாற்றலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். இல்லாத பெண்ணுக்காக ஆண் இறகடித்துக் களைப்பது எதற்கு என்று மறுத்துவிட்டேன்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதும் அடங்கும். துப்பாக்கி இல்லாமலும் ஒருவன் வேட்டைக்காரன் ஆகலாம் என்பதை அறிந்தபோது என் மாட்டுக் கயிறு நினைவுக்கு வந்தது.

படத்தில் இல்லாதது

அந்த ஆடியில் எனக்குக் கிடைத்தவை முப்பது படங்கள்கூட இல்லை. ஆனால் அவற்றில் ஒன்றில் பெண்குருவி நார்ப்பாலத்தில் அமர்ந்து நாரை இழுக்கிறது. ஆண் வெளியே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு காத்திருக்கிறது. முதலாண்டின் நூறு படங்களைவிட எனக்கு அது பெரிது.

அந்த நூறு படங்களை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். அழகாகவே இருக்கின்றன. ஆண் பறவை துல்லியமாகத் தெரிகிறது. எதிலும் பெண் இல்லை. காதல் வேகத்தில் இருக்கும் ஆண் மனிதனைப் பொருட்படுத்தாது. அதை நாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். வந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டிய பெண்ணோ தூரத்து மரத்திலிருந்தே திரும்பிப் போகலாம். வராமற்போன அந்தப் பறவை எந்தப் படத்திலும் பதிவதில்லை. மயிலானாலும் மானானாலும், இணைசேரும் காலத்தில் படம் எடுக்கப் புறப்படும் ஒவ்வொருவரும் இதை நினைவிற் கொள்ள வேண்டும். எடுத்த படத்தைக் கொண்டு மட்டும் நம் வேலையை எடைபோடலாகாது. நாம் வந்த பிறகு அந்தக் கூடு முழுமை பெற்றதா என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

நான் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அந்தக் கூட்டில் வாயிற்குழல் இறங்கியிருந்தது.

ஆவணி முதல் நாள் காமிராவைத் திருப்பிக் கொடுத்தபோது, மாமன் மகன் அந்த ஒரு படத்தை மட்டும் காசு வாங்காமல் அச்சிட்டுத் தந்தார். வீட்டில் தந்தையார் அதை விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். நான் என்ன படிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை.

"கெணத்துக்கு மேலேயேதானே இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்பா" என்றேன்.