எலும்பு கூடும் காலமும் கோடை விடுமுறையும்

குடும்பத்தில் ஒருவருக்குக் காலோ இடுப்போ முறிந்துவிட்டது என்ற செய்தி வந்த மறுகணம், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும், பணம் புரட்டுவதும், உறவினருக்குச் சொல்லி அனுப்புவதுமான அவசர காரியங்களுக்கு நடுவே, எவரும் கூடிப் பேசித் தீர்மானிக்காமலே ரத்தாகிவிடுகிற காரியம் ஒன்று உண்டு. அந்த ஆண்டு விடுமுறையில் அந்தக் குடும்பம் போவதாக இருந்த பிரயாணம்தான் அது. வீட்டில் ஒருவர் படுத்திருக்கையில் மற்றவர்கள் ஊர் பார்க்கப் போவதாவது என்ற கூச்சம் நம்முடைய இல்லங்களில் மிகவும் ஆழமானது. அந்தக் கூச்சத்தின் அடியில் இருப்பது அன்பே ஆகையால் அதை நான் குறை கூற மாட்டேன். ஆயினும், பிரயாணம் என்பது பூரண குணம் அடைந்த பின் கிடைக்க வேண்டிய வெகுமதி என்று எண்ணி அதை ஒத்திப்போடும் வழக்கம், நோயாளிக்கும் சரி, அவரைச் சுற்றி வாழ்பவர்களுக்கும் சரி, நன்மை செய்வதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். விடுமுறையைக் கைவிடக் கூடாது; அதன் அளவையும் திசையையும் மாத்திரம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதைச் சொல்வதற்கு முதற்காரணம், எலும்பு கூடுவதற்கு ஆகும் காலத்தின் நீளம். மணிக்கட்டு முறிந்தால் ஏறக்குறைய 6 வாரத்தில் கட்டுப் பிரித்துவிடலாம். தொடை எலும்பு முறிந்தால், உள்ளே உலோகக் கம்பி செலுத்தி நிறுத்திய பிறகும், எலும்பு நன்றாகச் சேர 3 முதல் 6 மாதம் வரை ஆகும்; கீழ்க்கால் எலும்புக்கும் ஏறத்தாழ அதே காலம், சில சமயம் அதைவிடச் சற்று அதிகம். முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. பிறகு குருத்தெலும்பைப் போன்ற மெத்தென்ற திசு வளர்ந்து இரு முனைகளையும் இணைக்கிறது. அதன்மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து கடினமாகிறது. அவ்வாறு கடினமான பின்னும், பழைய வடிவத்தை மீண்டும் அடையும் வேலை உள்ளே வருஷக்கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறது. பிரண்டைத் துவையலும் ஆட்டுக்கால் சூப்பும் அன்போடு ஊட்டப்படும் வீடுகளில் அவற்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் எலும்பு கூடுவது தாமதப்படும் என்பதை அந்த வீடுகளில் எவரேனும் எடுத்துச் சொல்ல வேண்டும். புத்தூர்க் கட்டில் நம்பிக்கை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவையும், மூட்டுக்குள் புகுந்த முறிவையும், எக்ஸ்ரே எடுத்து அறுவை மருத்துவரிடம் காட்டாமல் எந்தக் கட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது.

இப்படி அரை ஆண்டு நீளும் ஒரு காலத்தை, வாழ்க்கைக்கு வெளியே கிடக்கும் வெற்றுக் காலம் என்று தள்ளிவைக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. குழந்தைகளின் பள்ளி விடுமுறை எலும்பின் சௌகரியத்துக்காகக் காத்திராது. மே மாதம் வரும், போகும், அடுத்த மே மாதம் வரும்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் பத்தாம் வகுப்பின் பரீட்சையை எழுதி முடித்து, வேறொரு மனிதனாக நின்றுகொண்டிருப்பான்.

மயிலாடுதுறையில் வசிக்கும் என் தமையனார் இல்லத்தில் இதை நேரில் கண்டேன். இரவில் இருசக்கர வண்டியில் வீடு திரும்புகையில், விளக்கில்லாமல் நிறுத்தப்பட்டிருந்த ஒரு டிராக்டரின்மேல் மோதி, அவருடைய வலது தொடை எலும்பு முறிந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்தில் அளிக்கப்படும் சிகிச்சையின் செலவை, ஒரு வரம்புக்கு உட்பட்டு, அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டு நடைமுறையில் இருப்பதால், அந்த முதல் இரவில் பணத்துக்காக எவரும் அலைய நேரவில்லை; அதற்காக நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். கம்பி வைத்து, தையல் பிரித்து, வாக்கர் வாங்கி வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் மெய்யான கஷ்டம் ஆரம்பமாயிற்று. நாலு பேரை ஏவி வேலை வாங்கிய மனிதர், தண்ணீர்க் குவளைக்கு மற்றவர் கையை எதிர்பார்த்துக் கிடந்தார்; கோபம் வந்தது; கோபித்துக்கொண்டதற்காகப் பிறகு துக்கம் வந்தது. குழந்தைகள் இருவரும் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, கூடத்தில் மெதுவாக நடக்கப் பழகிவிட்டார்கள். உதகமண்டலம் போவதென்று தை மாதத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்த குழந்தைகள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கேட்டு அழுதிருந்தால்கூட நன்றாயிருக்கும் என்று அண்ணி என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி நிபுணர், இளம் வயதுப் பெண், ஒரு நாள் தமையனாரிடம், “சார், வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு கூடத்துல எத்தனை தடவை நடந்தாலும் உங்களுக்கு அலுப்பாத்தான் இருக்கும். எங்கயாவது போகணும்னு ஒரு நாள் குறிச்சுக்குங்க. அதுக்காக நடங்க” என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அன்றிரவு, “மலை வேண்டாம், மணல் வேண்டாம், படி வேண்டாம். நம்மால எங்கடா போக முடியும்?” என்று என்னைக் கேட்டார்.

“தரங்கம்பாடி போகலாமே அண்ணா, ஒரு மணி நேரத்துல போயிடலாம்” என்றேன்.

அந்தக் கேள்வியை அவர் கேட்டதே முக்கியமான திருப்பம் என்று கருதுகிறேன். ஏனெனில் அதன்பின் பிரயாண ஏற்பாடுகள் அனைத்தையும் அவரே தம் கையில் எடுத்துக்கொண்டார். படுத்தபடியே தொலைபேசியில் விடுதிகளை விசாரித்தார். தரைத்தளத்தில் அறை உண்டா, கழிப்பறையில் நாற்காலிபோல் உட்காரும் வசதி உண்டா, குளியலறை வாசற்படி எவ்வளவு உயரம், வாக்கர் நுழையும் அகலம் கதவுக்கு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மகளை உட்கார்த்தி வைத்து, 1620-ஆம் ஆண்டில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க் தேசத்தார் அங்கே கோட்டை கட்டிய கதையைச் சொன்னார். சீகன்பால்கு பாதிரியார் தமிழ் எழுத்துகளை அச்சில் வார்த்துப் புத்தகம் அடித்த ஊர் அது என்று மகனுக்குச் சொல்லி, அதைப் பற்றிப் படித்து வரச் செய்தார். படுக்கையில் கிடந்தவர் மறுபடியும் குடும்பத்தலைவர் ஆனார். எந்த மருந்துக் கடையிலும் இதற்கு மாத்திரை கிடையாது.

பிரயாணம் சிறியது. காரின் முன் ஆசனத்தை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, காலை நீட்டி வைத்து, நடுவழியில் ஒரு முறை இறங்கி நின்றுகொண்டு போனோம். ஊருக்குள் நுழையும் பழைய வாயிலிலிருந்து கடற்கரை வரை தெரு நேராகவும் சமமாகவும் செல்கிறபடியால், அண்ணன் வாக்கரோடு மெல்ல நடந்தும், இடையிடையே நாற்காலி போட்டு உட்கார்ந்தும் கடலைப் பார்த்தார். கோட்டைக்குள் அவர் ஏறவில்லை. குழந்தைகள் ஏறிப் பார்த்துவிட்டு ஓடி வந்து கண்டதையெல்லாம் கூறினார்கள். இரண்டாம் நாள் பிற்பகல் வலி அதிகமாகவே, அன்றைய திட்டத்தை விட்டுவிட்டு அறையிலேயே தங்கினோம். அப்படித் தங்குவதற்கும் திட்டத்தில் இடம் வைத்திருக்க வேண்டும் என்பதை, இந்த நிலையில் பிரயாணம் செய்யும் எவரும் மறக்கலாகாது.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுகையில் டாக்டர் மேரி வர்கீஸின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த அவர், 1954-ஆம் ஆண்டில், உடன் பணிபுரிந்தவர்களோடு உல்லாசமாகப் புறப்பட்ட ஒரு பிரயாணத்தில்தான் வண்டி கவிழ்ந்து, முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். டாக்டர் பால் பிராண்ட் அளித்த ஊக்கத்தினால், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பின்னர் நியூயார்க் நகரில் ஹோவர்டு ரஸ்க் என்பவரின் நிலையத்தில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் புனர்வாழ்வு நிலையம் அவர் முயற்சியால் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1986-இல் மறைந்தார். அந்த நிலையத்தில் நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்கி, படுக்கைப்புண் வாராமல் உடலைத் திருப்புவது முதல் சக்கர நாற்காலிக்கு மாற்றுவது வரை எல்லாவற்றையும் தாமே செய்து பழகிக்கொள்கிறார்கள். சிகிச்சை முடிந்து ஊர் சென்றவர்கள் மறுபடியும் கூடுவதற்காக அங்கே ஒரு மேளா நடத்தப்படுகிறது. விளையாட்டும் பாட்டும் பரிசோதனையும் கலந்த அந்தக் கூட்டத்துக்குத் தொலைதூரத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் உண்டு. விடுமுறையும் சிகிச்சையும் இரண்டல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியாது.

தொலைவான இடங்களுக்குப் போக விரும்புகிறவர்கள் சில விஷயங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கால் முறிந்தவர்கள் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலின் ஆழத்து இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு; உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. ஆகையால் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருப்பதும், மணிக்கு ஒரு முறையேனும் எழுந்து நிற்பதும், கெண்டைக்காலில் திடீரென வீக்கமோ வலியோ கண்டாலும், மூச்சு முட்டினாலும், தாமதமின்றி மருத்துவரை நாடுவதும் அவசியம். மாவுக்கட்டுப் போட்ட இரண்டொரு நாளுக்குள் விமானம் ஏறக் கூடாது. உள்ளே வீக்கம் கூடினால் கட்டு இறுகிவிடும். உடலுக்குள் உலோகம் இருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் குறிப்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டால், விமான நிலையச் சோதனையில் விளக்கம் சொல்வது சுலபம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயில் 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறிக் கடக்க ஏறக்குறைய 5 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆசனங்களுக்கிடையே காலை நீட்டவும் இடம் போதாது. எவ்வளவு ஆசை இருந்தாலும் முழங்கால் நன்றாக மடங்கும் வரை அதைத் தள்ளிவைக்கத்தான் வேண்டும். மலைக்கோயில்களில், பழனியில் இழுவை ரயிலும் ரோப்காரும் இருக்கின்றன. 1305 படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கும் 2024-இல் ரோப்கார் வந்துவிட்டது. மெரினாவில் 2022 நவம்பரில், சக்கர நாற்காலி அலையோரம் வரை செல்லும்படி, 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை அமைத்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தபோது, செலவு வீண் என்று விட்டுவிடாமல் செப்பனிட்டார்கள். அந்தப் பாதையில், பிறந்ததிலிருந்து நடக்க இயலாதவர்களும், பாட்டிமார்களும், காலில் கட்டோடு வந்த இளைஞர்களும் ஒன்றாகக் கடலை நோக்கிச் செல்வதை நான் பார்த்திருக்கிறேன். கன்னியாகுமரியிலும் இராமேசுவரத்திலும் நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் நீரருகே செல்ல அப்படியொரு பாதை வேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்க வேண்டும்.

இவ்வளவும் நோயாளியைப் பற்றி. அவரைக் காப்பவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. நம் வீடுகளில் இந்தப் பாரம் பெரும்பாலும் மனைவியின் அல்லது தாயின் தோளில்தான் விழுகிறது. இரவில் எழுந்து சிறுநீர்க் கலத்தை எடுத்து வைப்பவர், மருந்துக்கு மணி பார்ப்பவர், பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் காபி கலந்து கொடுத்து, விபத்தின் கதையை ஆரம்பத்திலிருந்து திரும்பத் திரும்பச் சொல்பவர், அவரே. தரங்கம்பாடிப் பிரயாணத்திலும் அண்ணிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. மருந்துப் பையும் வெந்நீர்ப் புட்டியும் அவர் தோளிலேயே வந்தன. ஊர் மாறினாலும் உத்தியோகம் மாறவில்லை. திரும்பி வந்த பிறகு, “உங்களுக்கு எங்கே போக ஆசை அண்ணி?” என்று கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “எங்கயும் போக வேண்டாம் தம்பி. எங்கம்மா வீட்டுக்குப் போய், யாரும் எழுப்பாம ரெண்டு நாள் தூங்கணும்” என்றார்.

ஒரு குடும்பம் விடுமுறைத் திட்டம் போடும்போது முதலில் எழுதவேண்டிய வரி இதுதான் என்று நான் கருதுகிறேன். காப்பவர் களைத்துப்போனால் நோயாளியின் பயிற்சியும் பத்தியமும் தாமாகவே தளர்ந்துவிடும் என்பது ஒரு காரணம். அந்த அம்மையாருக்கும் ஒரு தேகமும் ஒரு மனமும் உண்டு என்பது அதைவிடப் பெரிய காரணம். பார்க்க வரும் உறவினர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவதற்குப் பதிலாக, “சனி ஞாயிறு நான் வந்து பார்த்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்ல வேண்டும். சொன்னபடி வந்து, இரவில் எழுந்துகொள்ளவும் வேண்டும். ஆண்பிள்ளைகளுக்கும் இதில் பழக்கம் வேண்டும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு இருப்பதால், அந்தப் பயிற்சியாளர் வரும் நாளில் மகனையோ தம்பியையோ பக்கத்தில் நிறுத்தி, நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பும் முறையைக் கற்றுக்கொள்ளச் செய்யலாம்.

ஆடிப்பெருக்குக்கு அண்ணி திருத்துறைப்பூண்டியிலுள்ள தாய்வீட்டுக்குப் போகிறார். குழந்தைகள் அவரோடு போகவில்லை. அதுவும் அண்ணனின் ஏற்பாடே. சமையலுக்கு என் மனைவியும், இரவுக் காவலுக்கு நானும், வாக்கர் பயிற்சிக்கு ஒன்பதாம் வகுப்புப் பையனும் என்று பொறுப்புகளை ஒரு தாளில் எழுதி, கூடத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.