ஓட்டு வந்தது, கேட்டவர் அடைபட்டார்

1957 பிப்ரவரி 6. கெய்ரோவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குள் ஒரு பெண்மணி நுழைந்தார். உண்ணாவிரதம் என்று அறிவித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 48. பாரிஸின் சொர்போனில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பத்திரிகை நடத்தியவர், எகிப்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு முன்வரிசையில் நின்றவர். பெயர் துரியா ஷஃபீக். அவருடைய கோரிக்கைகள் இரண்டு. சூயஸ் போருக்குப் பிறகும் எகிப்து மண்ணில் நின்றுகொண்டிருந்த இஸ்ரேல் படை வெளியேற வேண்டும். ஜனாதிபதி நாஸரின் சர்வாதிகாரம் முடிய வேண்டும்.

முதல் கோரிக்கையில் நாஸரே கையெழுத்துப் போட்டிருப்பார். தண்டனை கிடைத்தது இரண்டாவதுக்குத்தான். துரியா வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அவர் தொடங்கிய ‘பின்த் அல் நீல்’ (நைல் நதியின் மகள்) பத்திரிகை மூடப்பட்டது. அவர் பெயரே எகிப்திய ஏடுகளில் வரக்கூடாது என்றானது. அணிசேரா நாடு என்பதால் இந்தியத் தூதரகத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். நேரு பரிந்து பேசியதால்தான் சிறைக்குப் போகாமல் வீட்டோடு நின்றது என்பார்கள். எல்லாவற்றையும்விடக் கசப்பானது, அவருடன் தெருவில் இறங்கிய பெண்களே அவரைத் துரோகி என்று சொல்லி விலக்கியது.

அந்தத் தெருக்கதை 1951இல் நடந்தது. பிப்ரவரி 19 அன்று கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழக அரங்கில் சுமார் 1,500 பெண்கள் கூடினார்கள். ஏதோ மாதர் மாநாடு என்றுதான் வெளியே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அரங்கிலிருந்து புறப்பட்டவர்கள் நேராக நாடாளுமன்றத்துக்கு நடந்தார்கள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். நாலு மணி நேரம் அவை நடவடிக்கை முடங்கியது. கவனிக்கிறோம் என்று வாக்குறுதி கிடைத்தது. வழக்கமான வாக்குறுதிதான். பின்னாலேயே துரியாமீது வழக்கும் வந்தது. அது காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜூனில் கெய்ரோவின் இஸ்லாமியக் கல்விபீடமான அல் அஸ்ஹரின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழு, பெண்ணுக்கு ஓட்டு கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஜூலையில் ராணுவ அதிகாரிகள் மன்னரை விரட்டி ஆட்சியைப் பிடித்தார்கள். புதிய அரசியல் சட்டம் எழுதுவோரில் ஒரு பெண்கூட இல்லை என்று 1954 மார்ச்சில் துரியா பத்திரிகையாளர் சங்கக் கட்டடத்தில் உண்ணாவிரதம் இருந்தார். பெண்களின் உரிமை காக்கப்படும் என்று அப்போதைய ஜனாதிபதி நகீப் சொல்லியனுப்பிய பிறகுதான் எழுந்தார். 1956 அரசியல் சட்டத்தில் ஓட்டுரிமை வந்தது. ஆண்களுக்கு வாக்காளர் பதிவு கட்டாயம். பெண்கள் தாமே போய் விண்ணப்பிக்க வேண்டும். இருந்தாலும் வந்தது.

அரபு நாடுகளில் பெண்களுக்கு மதம்தான் தடை என்று சுலபமாக முடித்துவிடுகிறவர்கள் இந்த நான்கு ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். 1952இல் கூடாது என்றது 1956இல் நாஸர் விரும்பியபோது கூடிவந்தது. வேதம் மாறவில்லை, ஆள்பவர் மாறியிருந்தார். சவூதியிலும் அதே கதை. பெண் கார் ஓட்டுவதை எதிர்த்துவந்த மார்க்க அறிஞர் சபை, 2017இல் மன்னர் ஆணை வந்ததும் ஆதரித்து அறிக்கை விட்டது. 2018 ஜூன் 24 அன்று தடை நீங்கியது. கார் ஓட்டும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் அதற்கு முந்தின மாதமே கைதாகியிருந்தார். அவர் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில்.

உரிமையைத் தருவதில் இந்த ஆட்சியாளர்களுக்குப் பெரிய வருத்தம் இல்லை. கேட்டு வாங்கினார்கள் என்ற பேர் வந்துவிடக்கூடாது. இன்று ஓட்டைக் கேட்டு வாங்கியவர் நாளை வேறொன்றையும் கேட்பார் அல்லவா? துரியா அப்படித்தான் கேட்டார். அவர் வீட்டுக்குள் அடைபட்டிருந்த அதே 1957 ஜூலையில் ராவியா அத்தியா, ஆமினா ஷுக்ரி இருவரும் எகிப்திய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார்கள்.

கொடுத்தவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட உரிமைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நாஸர் ஓட்டு தந்தார், குடும்பச் சட்டத்தைத் தொடவில்லை. வேலைக்குப் போகலாம், எம்.பி. ஆகலாம், வீட்டுக்குள் 1920களின் சட்டம்தான். நாஸருக்குப் பின் ஜனாதிபதியான ஸாதாத் 1979இல் அதைத் திருத்தினார். கணவன் இரண்டாவது மணம் செய்தால் முதல் மனைவி அதையே காரணமாகக் காட்டி விவாகரத்து பெறலாம் என்றது திருத்தம். நல்ல திருத்தம்தான். ஆனால் நாடாளுமன்றம் கூடாத நேரத்தில் அவசர ஆணையாகப் போட்டார். ஜனங்கள் அதற்கு அவர் மனைவி பெயரை வைத்து ‘ஜிஹான் சட்டம்’ என்றார்கள். 1985 மே மாதம் உச்ச அரசியல் சட்ட நீதிமன்றம், அவசர ஆணைக்கு அவசரமே இல்லை என்று அதை ரத்து செய்தது. இரண்டு மாதத்தில் மாற்றுச் சட்டம் வந்தது. அதில் இரண்டாவது மணத்தால் தனக்குப் பாதிப்பு என்று மனைவியே நிரூபிக்க வேண்டும். அவசர ஆணை போட்ட அதே ஸாதாத் 1981 செப்டம்பரில் எழுத்தாளர் நவால் அல் ஸாதவியைச் சிறையில் அடைத்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்த ஜனாதிபதி முபாரக் காலத்தில் 2000இல் குலா சட்டம். மஹரை (மணமகன் தந்த மணக்கொடையை) திருப்பிக் கொடுத்து, பண உரிமைகளை விட்டுக்கொடுத்தால் மனைவி காரணம் நிரூபிக்காமலே மணவிலக்கு பெறலாம். 2010 தேர்தலில் பெண்களுக்கென்று 64 இடங்கள். 2011இல் முபாரக் விழுந்ததும் இவையெல்லாம் ‘ஸூஸான் சட்டங்கள்’ ஆகிவிட்டன, அவர் மனைவி பெயரில். ஒதுக்கீடு போயிற்று. 2012 நாடாளுமன்றத்தில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள்.

2011 மார்ச்சில் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் கைதான பெண்களை ராணுவம் ‘கன்னித்தன்மைச் சோதனை’ செய்தது. அதை நியாயப்படுத்திய ராணுவ உளவுத்துறைத் தலைவர் அப்தல் ஃபத்தாஹ் அல் ஸிஸி. பிற்பாடு ஜனாதிபதியானார், 2017ஐ எகிப்தியப் பெண்களின் ஆண்டு என்றும் அறிவித்தார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் நஸ்ரா என்ற பெண்ணிய ஆய்வு அமைப்பின் சொத்துகளை நீதிமன்றம் முடக்கியது. அதன் நிறுவனர் முஸ்ன் ஹஸன் வெளிநாடு போக முன்பே தடை.

துரியா ஷஃபீக் அந்த 1957க்குப் பிறகு 18 ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்து, 1975 செப்டம்பர் 20 அன்று கெய்ரோவின் ஸமாலிக்கில் தன் ஆறாவது மாடி வீட்டு பால்கனியிலிருந்து விழுந்து இறந்தார்.

2019 ஏப்ரலில் எகிப்து அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது. நாடாளுமன்ற இடங்களில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்பது ஒரு திருத்தம். ஜனாதிபதி பதவிக்காலம் நான்கிலிருந்து ஆறு ஆண்டாகி, ஸிஸி 2030 வரை நீடிக்க வழிசெய்தது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சீட்டுதான், ஆம் அல்லது இல்லை. பெண்களுக்கு இடம் வேண்டும், ஸிஸிக்கு நீட்டிப்பு வேண்டாம் என்று நினைத்த எகிப்தியப் பெண் தன் ஓட்டை அந்தச் சீட்டில் பதிய வழியில்லை.