பரணில் தூங்கும் இலவச "லேப்டாப்" எழுந்து உட்காருமா? 2 ஜி.பி. மெமரியில் ஓடுது லினக்ஸ்!

விருத்தாசலம்–

பீங்கான் உடைந்தால் உடைந்ததுதான். ஒட்டவைக்க முடியாது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. ஆனால், "செத்துப் போச்சு" என்று பரணில் ஏற்றிய லேப்டாப் கதை வேறு!

தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. அன்று பிளஸ்-2 மாணவியாக வாங்கியவர் இன்று குடும்பத் தலைவி.

பரீட்சைக்குப் படிக்கிற தம்பி கேட்கிறான்: "அக்கா, உன் லேப்டாப்பைக் கொடேன்."

"அது எழுந்திருக்கவே பத்து நிமிஷம் ஆகுதுடா!"

பல வீடுகளில் இந்தப் பேச்சுதான். புதுசு வாங்கப் பணம்?

என்ன கோளாறு?

பெட்டியில் கோளாறு இல்லை. மெமரிதான் போதவில்லை. ஆரம்பத்தில் கொடுத்தவற்றில் இருந்தது 2 ஜி.பி. விண்டோஸ்-11 கேட்பதோ குறைந்தது 4 ஜி.பி. விண்டோஸ்-7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ்-10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாப்ட் கம்பெனி வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது.

மருந்து பெட்டிக்குள்ளேயே!

வேடிக்கை என்னவென்றால், அன்றே விண்டோசுடன் "பாஸ்" லினக்சும் போட்டுத்தான் கொடுத்தார்கள். சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் தயாரித்தது. தமிழிலும் வேலை செய்யும். யார் திறந்து பார்த்தார்கள்?

லினக்ஸ் பிறந்ததே சின்ன மெமரியில்தான். 1991-ல் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதிய கம்ப்யூட்டரில் இருந்தது 4 எம்.பி. அக்காவின் லேப்டாப்பில் இருப்பது அதைப்போல் 512 மடங்கு!

இன்று "ஆன்டிஎக்ஸ்" என்ற லினக்சுக்கு 512 எம்.பி. இருந்தால் போதும். "பப்பி" என்று இன்னொன்று. 2003-ல் ஆஸ்திரேலியாக்காரர் பாரி காலர் தொடங்கியது. மொத்தமாக மெமரியிலேயே ஏறி உட்கார்ந்து ஓடும். இரண்டுமே இலவசம்.

இன்னொரு வித்தை "இசட்-ரேம்". உபயோகிக்காத சமாசாரத்தைச் சுருக்கி மெமரிக்குள்ளேயே மடித்து வைத்துவிடும். பெட்டியில் நாலு சேலை வைக்கும் இடத்தில் ஏழு சேலை அமுக்குகிற மாதிரி!

எங்கே உதைக்கும்?

பிரவுசர்தான் வில்லன். லினக்ஸ் கொஞ்சம் சாப்பிட்டால், யூ-டியூப் பக்கம் மீதியை விழுங்கும். ஒரே சமயத்தில் பத்து பக்கம் திறந்தால் பழைய கதைதான். இரண்டு மூன்றோடு நிறுத்தணும். பி.டி.எப். படிக்க, விண்ணப்பம் டைப் அடிக்க, கணக்குப் போட தாராளம்.

பென் டிரைவில் லினக்சை ஏற்றி, அதிலிருந்தே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே எதுவும் அழியாது. வை-பை கிடைக்குதா, சத்தம் வருதா என்று பார்த்த பிறகு நிரந்தரமாகப் போடலாம். அதற்கு முன் கல்யாண போட்டோக்களை வேறு இடத்தில் காப்பி எடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் அக்காவிடம் தம்பி தப்ப முடியாது!

பேட்டரிக்கு மட்டும் லினக்சிடம் வைத்தியம் கிடையாது. சார்ஜரைச் சொருகியேதான் வைக்கணும்.