அழகுச் சிகிச்சையும் எல்லைக்கு அப்பாலுள்ள செலவும்

ரியோ கிராண்டே ஆற்றின் ஒரு கரையில் அமெரிக்காவின் பிரவுன்ஸ்வில் நகரமும் மறுகரையில் மெக்சிகோவின் மாட்டமோரோஸ் நகரமும் இருப்பதால், உடற்கொழுப்பை உறிஞ்சி அகற்றும் லைப்போசக்‌ஷன் போன்ற அழகுச் சிகிச்சைகளைக் குறைந்த கட்டணத்தில் பெற அமெரிக்கர் பலர் ஆற்றைக் கடந்து சென்றனர். 2023இல் அங்குள்ள இரு மருத்துவமனைகளில், தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தி உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்யும் எபிடியூரல் மயக்கமுறையோடு தொடர்புடைய பூஞ்சைத் தொற்று பரவி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த உறைகளை அழற்சியுறச் செய்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தலைவலி, கழுத்து விறைப்பு போன்ற அறிகுறிகள் வீடு திரும்பிச் சில வாரங்கள் கழிந்த பின்னரும் தோன்றக்கூடியவை என்பதே இதன் மிகக் கொடிய பகுதி. அறுவை செய்தவர் எல்லைக்கு அப்பால் இருக்க, செலுத்தப்பட்ட மருந்து எதுவென்றே அறியாத வேறொரு மருத்துவர் நோயை இனங்காண வேண்டியிருந்தது.

கட்டணப் பட்டியலில் இத்தகைய இடர்களின் செலவு இடம்பெறுவதில்லை. அறுவையும் நெடுந்தூர விமானப் பயணமும் கால் சிரைகளில் குருதி உறையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. காற்றழுத்த மாற்றமும் ஊறு விளைவிக்கலாம் என்பதால், மார்பு அல்லது வயிற்று அறுவைக்குப் பின் குறைந்தது 10 நாட்கள் பறக்க வேண்டாம் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. அந்நாட்களின் விடுதி வாடகையையும், உடன் வருபவரின் செலவையும், சிக்கல் நேர்ந்தால் மறுஅறுவைக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்வது இன்றியமையாதது.