முதற் புதினமும் சொந்த அனுபவமும்

புதினம் எழுதும் வேட்கையுடைய மாணவர் பலர், “எழுதத் தகுந்த பெருநிகழ்ச்சி எதுவும் எம் வாழ்வில் நிகழவில்லையே” என ஏங்குவதுண்டு. போரும் புரட்சியும் கண்டவரே புதினம் படைக்க இயலும் என்பது அவர்தம் எண்ணம். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதைத் தமிழ்ப் புதின வரலாறே மெய்ப்பிக்கின்றது.

தமிழின் முதற் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. ஆறாண்டுகள் கழித்து, 1885இல், கண்டியைச் சார்ந்த சித்திலெப்பை அசன்பே சரித்திரத்தை வெளியிட்டார். அஃது எகிப்து நாட்டு இளைஞன் ஒருவனின் கதை. முஸ்லிம் ஒருவர் படைத்த அம்முன்னோடிப் புதினம் தொலைதூர நாட்டை நாடிற்று. 103 ஆண்டுகளுக்குப் பின், 1988இல், தோப்பில் முஹம்மது மீரானின் முதற் புதினமாகிய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ நூலாக வந்தது. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்த அவர், தொழிலால் வணிகர். தம் கதைக்கு அவர் கெய்ரோவைத் தேடவில்லை. தாம் பிறந்து வளர்ந்த கடற்கரையையே களமாகக் கொண்டார். பின்னர் ‘சாய்வு நாற்காலி’ எனும் புதினத்திற்காக 1997இல் அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

அவரது முதற் புதினம் நமக்கு உணர்த்தும் உண்மைகள் மூன்று.

முதலாவது, அனுபவம் மட்டுமே புதினம் ஆகாது. அதனுள் உறையும் வினாவே புதினத்தின் வித்து. ஊரின் கடலையும் பள்ளிவாசலையும் வருணிப்பதோடு மீரான் நின்றாரில்லை. ஊருக்கு ஆங்கிலப் பள்ளி வருவதை முதலாளி ஏன் எதிர்க்கிறார், மக்களின் அறியாமை எவருக்கு ஆதாயம் எனும் வினாக்கள் அக்கதையை நடத்திச் செல்கின்றன. தந்தை வளைகுடாவுக்குச் சபர் போனதும், அவர் குரலைப் பதிந்த ஒலிநாடாவைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்து கேட்டதும் நம்மில் பலர் வீட்டு நிகழ்ச்சிகள். அவற்றை அவ்வாறே எழுதினால் நினைவுக் குறிப்பாகும். “அந்த ஒலிநாடாவில் உம்மா சொல்லாமல் விட்டது எது?” என வினவினால், ஆங்கே புதினம் தொடங்கும்.

இரண்டாவது, கண்டது மட்டுமன்றிக் கேட்டதும் அனுபவமே. முதலாளியும் தங்களும் ஊரை ஆட்டிப்படைத்த பழங்காலத்தை அப்புதினம் காட்டுகின்றது. அத்தகைய காலம் மூத்தோர் வாய்மொழியாகவே ஒருவரை வந்தடையும். பாட்டனார் ரங்கூனிலிருந்து நடந்து வந்த கதையைப் பாட்டியாரிடம் கேளுங்கள். கேட்டதை அவர் சொல்லிலேயே குறித்து வையுங்கள். அவர் மறைந்தால் அந்நூலகமும் உடன் மறையும்.

மூன்றாவது, வீட்டு மொழிக்கு நாணுதல் கூடாது. அரபுச் சொல்லும் மலையாளச் சாயலும் கலந்த தம் மக்களின் பேச்சை மீரான் கதையில் ஏற்றினார். வாப்பா, உம்மா, மௌத்து, கந்தூரி என வீட்டில் வழங்கும் சொல்லைத் தேர்வுத்தாளின் மொழிக்கு மாற்றினால், பாத்திரம் உயிரிழந்துவிடும்.

ஈண்டுப் பெரியோர் எழுப்பும் தடை ஒன்றுண்டு. “குடும்பத்துக் குறையையும் சமுதாயத்துக் குறையையும் அம்பலத்தில் ஏற்றலாமா? அது புறம்பேசுதல் ஆகாதா?” என்பர். தள்ளத்தக்க வினா அன்று. ஒருவரை இன்னார் என ஊர் அடையாளம் காணுமாறு எழுதிப் பழிதீர்த்தல் புறம்பேசுதலே. அது கலையும் அன்று. எழுத்தாளன் ஒருவரின் நடையையும் மற்றொருவரின் சினத்தையும் வேறொருவரின் துயரையும் இணைத்துப் புதிய மனிதரைப் படைக்கின்றான். களத்தையும் காலத்தையும் மாற்றுகின்றான். அவன் சுட்டுவது ஆளை அன்று, ஆளைச் சூழ்ந்த அநீதியை. தான் வெறுக்கும் பாத்திரத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல இயன்றவனே அவ்வுரிமைக்குத் தகுதியுடையவன். குறையை மறைத்த சமுதாயம் அதனைத் திருத்திக்கொண்டதாக வரலாறு இல்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, ஒரு குறிப்பேடு கொள்ளுங்கள். நும் தெருவில் விடை கிடைக்காத மூன்று வினாக்களை அதில் எழுதுங்கள். பள்ளிப்படிப்பை இடைநிறுத்திய தமக்கை யாரிடமும் கேளாத வினா அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். ஆண்டுக்கணக்கில் எவ்வினா நும்மை உறங்கவிடாது தொடர்கின்றதோ, அதுவே நும் முதற் புதினத்தின் கரு. அதனை அன்போடும் அச்சமின்றியும் எழுதத் தொடங்குங்கள்.